பி.ஆர்.பி. சிகிச்சை: எதை எதிர்பார்க்கலாம், பணத்தை எப்போது செலுத்தலாம்?

தனிநபர் கடன் கோரி எங்கள் கிளைகளுக்கு வருவோர் விண்ணப்பத்துடன் இணைக்கும் தாள்களில் அண்மைக் காலமாக ஒரு புதுவகை மதிப்பீட்டுத் தாளும் இடம்பெறுகிறது. திருமணம், வீட்டுப் பழுதுபார்ப்பு, கல்விக் கட்டணம் ஆகியவற்றின் வரிசையில், முடி உதிர்வுக்கும் முகத் தழும்புக்கும் தோல் சிகிச்சையகங்கள் வகுத்துத் தரும் 'ஆறு அமர்வுத் தொகுப்பு' அது. அத்தாளில் பெரும்பாலும் காணப்படும் பெயர் பி.ஆர்.பி. அஃது எத்தகைய சிகிச்சை, எத்தனை மாதத்தில் பலன் தெரியும் என்று வினவினால், விளம்பரத்தில் கண்டதற்கு மேல் பலரால் விடை கூற இயல்வதில்லை. வட்டியில் கால் சதவீதம் குறைக்க எங்களிடம் அரைமணி நேரம் வாதாடும் வாடிக்கையாளர், சிகிச்சையகத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஐந்தே நிமிடத்தில் கையொப்பமிட்டுவிடுகிறார். நாங்கள் மருத்துவம் பயின்றவர்கள் அல்லர், வணிகவியல் பயின்றவர்கள். ஆயினும் இச்சிகிச்சையின் இயல்பை அறிந்துகொண்டால் அதற்குப் பணம் செலுத்த வேண்டிய முறையும் தானே விளங்கும் என்பதால் இதை எழுத முற்பட்டோம்.

பி.ஆர்.பி. என்பது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் 'பிளேட்லெட் குறைந்துவிட்டது' என்று மருத்துவமனை வாயில்களில் கேட்டிருப்போமே, அதே அணுக்கள்தாம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு லிட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில், இவை 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை இருப்பது இயல்பு. காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச் செய்வது இவற்றின் முதற்பணி. அத்துடன், திசுக்கள் மீண்டும் வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களையும் இவை தம்முள் பொதிந்து வைத்திருந்து காயத்தில் வெளிவிடுகின்றன. நோயாளியின் இரத்தத்திலிருந்தே இவ்வணுக்களைச் செறிவாகப் பிரித்தெடுத்து, குணப்படுத்த வேண்டிய இடத்திலேயே செலுத்தினால் என்ன என்னும் எண்ணத்தின் விளைவே இச்சிகிச்சை. தட்டணுச் செறிவை முதலில் கையாண்டவர்கள் இரத்தவியல் மருத்துவர்கள். 1990-களில் தாடை எலும்பு அறுவை மருத்துவர்கள் அதை ஏற்றனர். அதன் பின்னர் விளையாட்டு வீரர்களின் தசைநாண் காயங்களுக்கும், தோலுக்கும், தலைமுடிக்கும் அது வந்து சேர்ந்தது.

சிகிச்சை நாளில் நடப்பது இதுதான். ஆய்வகத்தில் எடுப்பதைப் போலவே முழங்கை மடிப்பில் 10 முதல் 30 மில்லி லிட்டர் வரை இரத்தம் எடுப்பர். அது உறையாதிருக்க மருந்திட்ட குழாயில் சேர்த்து, மையவிலக்குக் கருவியில் வைத்துச் சுழற்றுவர். தயிர் கடைந்தால் வெண்ணெய் திரள்வதைப் போல, எடைமிக்க சிவப்பணுக்கள் அடியில் தங்க, வைக்கோல் நிறப் பிளாஸ்மா மேலே தெளியும். அதில் தட்டணுக்கள் செறிந்த பகுதி மட்டும் சில மில்லி லிட்டர் அளவு கிடைக்கும். சாதாரண இரத்தத்தில் உள்ளதைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு செறிவு இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. உணர்விழப்புக் களிம்பு தடவிய பின், மெல்லிய ஊசியால் உச்சந்தலையில் சிறு சிறு இடைவெளியில் பல இடங்களில் அதைச் செலுத்துவர். வலி இருக்கும்; நெற்றியோரத்தில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் வீடு திரும்பலாம். ஓரிரு நாள் தலை கனப்பதும், ஊசி பட்ட இடம் சிவப்பதும், சிலருக்கு நெற்றி வீங்குவதும் எதிர்பார்க்கத்தக்கவையே.

ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்ற வலிநீக்கிகள் தட்டணுக்களின் செயலை மட்டுப்படுத்துவதால், சிகிச்சைக்குச் சில நாள் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்குமாறு கூறுவர். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை, தலைமுடிக்காகத் தாமே நிறுத்திவிடுதல் கூடவே கூடாது. இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், தட்டணுக் குறைபாடு உடையோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், தலைத்தோலில் நோய்த்தொற்று உள்ளோர், கருவுற்ற மகளிர் ஆகியோர்க்கு இச்சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. இவை எதையும் கேட்காமலும், இரத்தப் பரிசோதனை எதையும் செய்யாமலும் முதல் நாளே ஊசிக்கு அமர்த்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுதல் நலம்.

யாருக்குப் பலிக்கும்?

முடி உதிர்வு எல்லாம் ஒரே நோயன்று. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது எவர்க்கும் இயல்பு. கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, மகப்பேறு, திடீர் எடைக்குறைவு ஆகியவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். உடல் அதிர்ச்சியுற்ற வேளையில் பெருமளவு மயிர்க்கால்கள் ஒருசேர ஓய்வுநிலைக்குச் செல்வதே இதற்குக் காரணம். காரணம் நீங்கிவிட்டால் இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் தானாகவே அடங்கி, முடி மீண்டும் வளர்கிறது. இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் காரணமாயின், அவற்றைச் சரிசெய்யும் மாத்திரைகளே மருந்து. மகப்பேற்றுக்குப் பின் முடி கொட்டுவதைக் கண்டு அஞ்சிய இளந்தாய் ஒருவர் நான்கு அமர்வுகளுக்குப் பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் மாதம் முடி அடர்ந்து வளர்ந்திருக்கும். புகழ் சிகிச்சைக்குச் சேரும். வேலையைச் செய்தது இயற்கை. ஆகவே முதற் செலவு தோல் மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்திற்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஆனதாக இருக்கட்டும்.

பி.ஆர்.பி. பெரிதும் பயன்படுத்தப்படுவது பரம்பரை வழுக்கைக்கு. ஆணுக்கு நெற்றியோரமும் உச்சியும் ஒடுங்குவதும், பெண்ணுக்கு நடுவகிடு அகன்றுகொண்டே வருவதும் இவ்வகை. டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால், அதற்கு இயல்பிலேயே இடங்கொடுக்கும் மயிர்க்கால்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து, முடி நூலிழையாகி, ஈற்றில் பூனைமயிராகிவிடுகின்றன. சிறுத்துக்கொண்டிருக்கும் மயிர்க்காலுக்குச் செறிவூட்டிய பிளாஸ்மா உதவக்கூடும். மயிர்க்காலே அற்றுப்போய் வழவழப்பான தலைத்தோலில் அது புது முடியை முளைப்பிக்காது. வழுக்கை தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் வருபவர்க்கு இருக்கும் நம்பிக்கை, இருபதாண்டு வழுக்கையுடன் வருபவர்க்கு இல்லை.

பலன் எவ்வளவு? தலையின் ஒரு பாதியில் பி.ஆர்.பி.யும் மறுபாதியில் வெறும் உப்புநீரும் செலுத்தி ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. அவற்றுட் சிலவற்றில் முடியடர்த்தி கூடியதாகக் கண்டனர். எனினும் ஆய்வுகள் பலவும் சிறியவை. எவ்வளவு இரத்தம், எத்தனை சுழற்சி, எவ்வளவு செறிவு என்பன ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. தெருவுக்குத் தெரு உள்ள சிகிச்சையகங்களிலும் அவ்வாறே வேறுபடுகின்றன. மாத்திரை எனில் அட்டையில் இத்தனை மில்லி கிராம் என்று அச்சிட்டிருக்கும். இதற்கு அத்தகைய அச்சு இல்லை. ஒருவர்க்கு உதிர்வு நின்று முடி தடிக்கலாம். உடன் சென்ற நண்பர்க்கு மாற்றமே தெரியாமலும் போகலாம். இதனைச் சிகிச்சைக்கு முன்பே கூறும் மருத்துவர், கூறாதவரைக் காட்டிலும் நம்பத்தக்கவர் என்பது எங்கள் எண்ணம்.

காலக்கணக்கும் முக்கியமானது. தலைமுடி மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மாதம் ஒரு முறையாக மூன்று அல்லது நான்கு அமர்வுகள், அதன் பின் நான்கு முதல் ஆறு மாதத்திற்கு ஒரு முறை பராமரிப்பு அமர்வு என்பதே பரவலான நடைமுறை. பலன் உண்டா இல்லையா என்று கூற முதல் ஊசியிலிருந்து குறைந்தது நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும். இரண்டாம் வாரமே 'வித்தியாசம் தெரிகிறதே' என்று வரவேற்பாளர் கூறினால் அது விற்பனைப் பேச்சு. முதல் அமர்வுக்கு முன் அதே நாற்காலி, அதே விளக்கொளி, அதே வகிடு என்று நிழற்படம் எடுத்துத் தம் கைப்பேசியிலும் ஒரு படி வைத்துக்கொண்டவர்க்கே ஆறாம் மாதத்தில் நேர்மையான ஒப்பீடு கைகூடும். பரம்பரை வழுக்கை வாழ்நாள் முழுவதும் தொடர்வது. ஆதலின் அமர்வுகளை நிறுத்தினால் பெற்ற பலனும் காலப்போக்கில் கரையும்.

இதே நோய்க்கு, மாதத்திற்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் மினாக்சிடில் என்னும் பூச்சு மருந்து பல்லாண்டுகளாகச் சோதித்து ஏற்கப்பட்டது. ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரையும் உண்டு. அதை மருத்துவர் மேற்பார்வையிலேயே உட்கொள்ள வேண்டும், கருவுற்ற மகளிர் தொடவும் கூடாது. தோல் மருத்துவர் பலர் பி.ஆர்.பி.யை இவற்றுக்குத் துணையாகவே பயன்படுத்துகின்றனர், மாற்றாக அன்று. மலிவான மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் விலைமிக்கதை மட்டும் நீட்டுபவரிடம் ஏனென்று கேட்கலாம்.

முகத்திற்கு வருவோம். பருத் தழும்பு, நுண்சுருக்கம், பொலிவின்மை ஆகியவற்றுக்கு நுண்ணூசிகள் பொருந்திய கருவியால் தோலில் மிகச் சிறு துளைகள் இட்டு, அதன்மேல் பிளாஸ்மாவைத் தடவுவர் அல்லது செலுத்துவர். பருத் தழும்பின் ஆழம் ஓரளவு குறைவதை எதிர்பார்க்கலாம். தழும்பு அடியோடு மறைவதை எதிர்பார்க்க இயலாது. முகம் இரண்டு முதல் நான்கு நாள் வரை சிவந்திருக்கும். மாநிறமும் கருநிறமும் உடைய நம் தோலில், சிறு காயமும் ஆறிய பின் கரும்படலத்தை விட்டுச் செல்லும் இயல்பு மிகுதி. அதனால் சில வாரம் வெயிலைத் தவிர்த்தலும் வெயில்காப்புக் களிம்பு பூசுதலும் இன்றியமையாதவை. திருமணத்திற்கு ஒரு வாரம் முன்பு இதைச் செய்துகொள்வது அறிவுடைமையாகாது. மூன்று மாதமாவது இடைவெளி இருக்கட்டும். நிறத்தை வெண்மையாக்கும் என்று எவரேனும் உறுதி கூறின் அதற்கும் பி.ஆர்.பி.க்கும் தொடர்பில்லை.

தம் இரத்தமே தமக்கு மருந்து, ஆகவே ஆபத்தே இல்லை என்னும் விளம்பரச் சொல்லில் பாதியே உண்மை. ஒவ்வாமை அரிது என்பது மெய். ஆனால் இரத்தம் ஒரு குழாயில் வெளியே சென்று மீண்டும் உடலுக்குள் வருகிறது. அக்குழாய் நம்முடையதுதானா, ஊசி புதியதுதானா என்பதே வினா. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில், உரிமம் பெறாத ஓர் அழகு நிலையத்தில் நுண்ணூசி முகச் சிகிச்சை செய்துகொண்ட மகளிருள் மூவர்க்கு அதன் வழியே எச்.ஐ.வி. தொற்றியிருக்கக்கூடும் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. பெயர்ச்சீட்டு ஒட்டாத இரத்தக் குழாய்கள் சமையலறைக் குளிர்பதனப் பெட்டியில் உணவுப் பொருள்களுடன் வைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். குழாயில் தம் பெயர் எழுதப்படுவதைத் தம் கண்முன் பார்ப்பதும், ஊசியின் உறை தம் முன்னிலையில் பிரிக்கப்படுவதை வலியுறுத்துவதும் அவமரியாதை ஆகா. வங்கியில் பணத்தை எண்ணிப் பார்த்து வாங்குவதைப் போன்றவை அவை.

செய்பவர் யார் என்பதும் வினவத்தக்கது. முடிமாற்று அறுவையும் அழகியல் சிகிச்சைகளும் பெருகியதைக் கண்ட தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்ததை மட்டும் தகுதியாகக் கொண்டு அவற்றைச் செய்ய முற்படலாகாது என்று 2022-இல் அறிவுறுத்தியது. வெள்ளை அங்கி அணிந்தவர் எல்லாம் மருத்துவர் அல்லர். மருத்துவர் எல்லாம் தோல் மருத்துவரும் அல்லர். பெயர்ப்பலகையில் உள்ள பதிவு எண்ணை மாநில மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தொகுப்பு விலையும் தவணைக் கடனும்

ஓர் அமர்வுக்கான கட்டணம் ஊருக்கு ஊர், இடத்திற்கு இடம் சில ஆயிரங்களிலிருந்து பதினைந்தாயிரம் வரையிலும் மாறுபடுகிறது. ஆறு அமர்வுகளையும் சேர்த்து முன்பணம் செலுத்தினால் தள்ளுபடி என்பதே பெரும்பாலான இடங்களில் முதற் பேச்சு. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. அமர்வு ஒன்றுக்கு ரூ. 8,000. தனித்தனியே செலுத்தின் ஆறுக்கு ரூ. 48,000. மொத்தமாக ரொக்கம் கொடுத்தால் ரூ. 42,000. ரூ. 6,000 மிச்சம்போல் தோன்றுகிறது. ஆனால் நான்காம் அமர்வுக்குப் பின்னர்த்தான் பலன் உண்டா என்பது புலப்படும். இல்லையெனக் கண்டு நிறுத்துபவர், அமர்வுதோறும் செலுத்தியிருந்தால் ரூ. 32,000-உடன் விலகிவிடுவார். தொகுப்பாகச் செலுத்தியவர் ரூ. 42,000-ஐயும் இழந்திருப்பார், மீதி இரு அமர்வுகளுக்கான பணம் திரும்ப வருமா என்பது அவர் படிக்காமல் கையொப்பமிட்ட தாளின் பின்பக்கத்தில் இருக்கும். விளைவு உறுதியற்ற ஒன்றில், இடையே விலகும் உரிமைக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைத் தள்ளுபடியுடன் ஒப்பிட வேண்டும்.

கையில் ரொக்கம் இல்லாதோர்க்கு அங்கேயே 'வட்டியில்லாத் தவணை' காத்திருக்கிறது. ரூ. 48,000-ஐப் பன்னிரண்டு மாதம் ரூ. 4,000 வீதம் செலுத்தினால் போதும். நடைமுறைக் கட்டணம் மட்டும் வரியுடன் ரூ. 1,770 என்பர். வட்டி எங்கே என்று தேடுவோர் மேலே சொன்ன ரொக்க விலையை நினைவுகூர வேண்டும். ரூ. 42,000-க்குக் கிடைத்திருக்கும் பொருளுக்கு ஓராண்டில் ரூ. 49,770 கொடுக்கிறோம். கட்டணத்தை முதலிலேயே செலுத்துவதாகக் கொண்டு கணக்கிட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 34 சதவீத வட்டிக்கு ஒப்பாகும். பூச்சிய வட்டி என்று ஒன்று இல்லை. வட்டி வேறு பெயரில் வாடிக்கையாளர் தலையில் ஏற்றப்படுகிறது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே சுட்டிக்காட்டியுள்ளது. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் தருவோர் அளித்தாக வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள். ஆனால் கைவிட்ட ரொக்கத் தள்ளுபடி அவ்வறிக்கையில் தெரியாது. அதை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

வட்டியினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கைப்பேசியில் ஒப்புதல் எண்ணைத் தட்டியவுடன் சிகிச்சையகத்திற்கு முழுப்பணமும் சென்றுவிடுகிறது; கடன்பட்டவர் நாம், கடன் கொடுத்தவர் ஒரு நிதி நிறுவனம். சிகிச்சையகம் ஆறாம் மாதம் கதவடைத்தாலும், மருத்துவர் வேறிடம் சென்றாலும், பலனே இல்லாமற் போனாலும் தவணை நிற்பதில்லை. இவ்வாறு அகப்பட்டுக்கொண்ட சிலர் 'தானியங்கிப் பற்றை நிறுத்திவிடுங்கள்' என்று எங்களிடம் வருகின்றனர். பற்றாணையை நீக்கலாம், கடனை அது நீக்காது. கணக்கில் பணமின்றித் தவணை திரும்பினால் இருபுறமும் கட்டணம் விழும், கடன் மதிப்பெண் சரியும். மின்னணுப் பற்று பணமின்றித் திரும்புவது, 2007-ஆம் ஆண்டுப் பணம் செலுத்துகை மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, காசோலை திரும்புவதைப் போன்றே வழக்குக்கும் இடந்தரும். பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது, முடிக்காக வாங்கிய கடனின் தழும்பு அறிக்கையில் தெரியும். செயலி வழிக் கடனாயின், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அசலையும் அதுவரைக்குரிய வட்டியையும் திருப்பிச் செலுத்தி அபராதமின்றி விலக ரிசர்வ் வங்கியின் விதி இடமளிக்கிறது. வீட்டிற்குச் சென்று யோசித்த பின் மனம் மாறினால் அவ்வழி திறந்தே இருக்கிறது.

இதற்கு எங்கள் தனிநபர் கடன் மலிவு என்று கூறி முடிப்போம் என எதிர்பார்த்திருப்பீர்கள். வட்டி குறைவுதான், ஆயினும் நான்கைந்து மாதத்திற்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் திரும்ப வரக்கூடிய செலவைக் கடனில் தொடங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மாதம் இரண்டாயிரம் ரூபாய் தொடர் வைப்பில் சேர்த்தால் மருத்துவ ஆலோசனையும் பரிசோதனைகளும் மினாக்சிடிலும் முடிந்து ஆறாம் மாதம் வரும்போது முதல் ஓர் அமர்வுக்கான பணம் கையில் இருக்கும். அதற்குள் உதிர்வு தானே நின்றுபோயிருந்தால் வைப்பு மீதமாகும்.

மருத்துவக் காப்பீடு இதற்குக் கைகொடுக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் உருவைச் சீரமைப்பதும், மருத்துவத் தேவையால் செய்வதும் தவிர, தோற்றத்தை மாற்றும் சிகிச்சைகளைக் காப்பீட்டு ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்குகளின் பட்டியலில் காணலாம். சரக்கு மற்றும் சேவை வரியிலும் மருத்துவச் சேவைக்கு உள்ள விலக்கு, முடிமாற்றுக்கும் அழகுக்கான அறுவைக்கும் இல்லை. ஆகவே கூறப்படும் விலை வரியுடன் சேர்த்ததா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்வது நன்று.

'நூறு சதவீத உத்தரவாதம்' என்ற சொல்லைக் கண்டால் ஒன்றை நினைவிற்கொள்ளலாம். வழுக்கையைக் குணப்படுத்துவதாக எம்மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்பது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையிலேயே இடம்பெற்றுள்ளது. கூறியது ஒன்று, நடந்தது வேறொன்று எனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்பது உச்ச நீதிமன்றம் 1995-இல் வழங்கிய தீர்ப்பு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை ரூ. 5 இலட்சம் வரையாயின் முறையீட்டுக் கட்டணம் இல்லை. ரசீது, அமர்வு அட்டை, ஒப்புதல் படிவத்தின் படி, தொடக்கத்தில் எடுத்த நிழற்படம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருங்கள். ஒப்புதல் படிவத்தின் படியைத் தர மறுக்கும் இடத்தில் முன்பணம் செலுத்த வேண்டா.